என் ரத்தம் சொன்னதை எனக்குப் புரியவைத்தவர்களுக்கு

எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையில் இருக்கும் என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி ஆலோசகர் அம்மாவுக்கு. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிய பிறகும் எதிர்ப்புச் சக்தி அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 500-ஐத் தொடாதபோது, மருந்து கேட்கவில்லையோ என்று பதறினேன். அவர் அறிக்கையின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடுகள் இழுத்தார். ஒன்று சரசரவென்று இறங்கியது, இன்னொன்று சாய்வாக மெல்ல ஏறியது. "இறங்குவது வைரஸ், ஏறுவது உங்கள் எதிர்ப்புச் சக்தி. மருந்து கேட்கிறது அம்மா, உடம்புக்குத்தான் இன்னும் அவகாசம் வேண்டும்" என்றார். குடல் சுவரைக் காக்கும் அணுக்களைத் தொற்று தொடக்கத்திலேயே அழித்துவிடுவதையும், சேதமான சுவர் வழியே பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து எதிர்ப்பு அணுக்களை ஓயவிடாமல் செய்வதையும் பொறுமையாக விளக்கினார். வைரஸ் அடங்கிய பிறகும் அழற்சி நீறு பூத்த நெருப்பாக இருக்கக்கூடும் என்பது அன்றுதான் விளங்கியது.

அடுத்து, முகம் தெரியாத 5,472 பேருக்கு. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்று கண்டறிய 'ஸ்மார்ட்' ஆய்வில் சேர்ந்தவர்கள் இவர்கள். மருந்தை நிறுத்தியவர்களிடையே மரணமும் இதய நோயும் கூடியதால் 2006-இல் அந்த முறை கைவிடப்பட்டது. சேமித்து வைத்திருந்த அவர்களது ரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது, அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் ஆகியவை உயர்ந்திருந்தவர்களுக்கே உயிராபத்து அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் இறந்துபோனவர்களை நினைக்காமல் நான் மாத்திரையை விழுங்குவதில்லை.

நரம்பு எளிதில் அகப்படாத என் கையைத் தடவித் தடவி, ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் செவிலியருக்கும் ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

மருத்துவர் ஐயாவுக்குத் தனி நன்றி. அழற்சிக் குறியீடுகள் அனைத்தையும் சோதித்துவிடுங்கள் என்று நான் கேட்டபோது அவர் இசையவில்லை. அவற்றில் ஒன்றான சி-ரியாக்டிவ் புரதம் சாதாரணச் சளிக்கே ஏறும், எண்ணைப் பார்த்து அஞ்சுவதைவிட இதயத்தைக் காப்பது முக்கியம் என்றார். 2023-இல் வெளியான 'ரிப்ரீவ்' ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரில் தினமும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்த பிரிவினருக்குப் பெரிய இதய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்ததைக் காட்டி, எனக்கும் அதை எழுதித் தந்தார். வேண்டாத சோதனையை மறுத்து, வேண்டிய மருந்தைத் தந்த அந்த நிதானத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.