செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25
(கும்பகோணம் வட்டார முதலுதவித் தன்னார்வலர்கள் பொதுக்குழுவில் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், வழக்கம்போல் கட்டைவிரல் காட்டிவிடுங்கள்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். ரத்ததான முகாம் நடந்தது. மாசி மகத்தன்று மகாமகக் குளக்கரையில் முதலுதவிப் பந்தல் போட்டோம். பந்தலில் இருந்தவர்களைவிடப் போட்டோவில் இருந்தவர்கள் அதிகம்.

சென்ற பொதுக்குழுவில் பனியனா, பொம்மையா என்று நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும். சங்கப் பெயர் அச்சடித்த பனியன் வேண்டும் என்றவர்களே அதிகம். ஆனாலும் செயற்குழு ஒப்புதலோடு முதலுதவி பழகும் பயிற்சி பொம்மை, பெரியவருக்கும் குழந்தைக்கும் அம்பு பேக் (மூச்சு நின்றவருக்கு மாஸ்க் வழியே காற்றை ஊட்டும், கையால் பிழியும் பை), வாயிலும் தொண்டையிலும் தேங்கும் நீரை உறிஞ்ச கையால் அழுத்தும் சக்ஷன் கருவி ஆகியவற்றை வாங்கினோம். 'செயலாளர் தன் இஷ்டத்துக்கு வாங்கிவிட்டார்' என்று டீக்கடை வரை பேச்சு. சரி, பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூச்சு நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான். நம் ஆட்களுக்கோ கை முதலில் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் போகிறது. மயங்கியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்று எத்தனை முறை சொல்வது?

முதல் பயிற்சியில் மூத்த உறுப்பினர் ஒருவர் அம்பு பேக்கைப் பிழிந்த பிழியில் பொம்மையின் நெஞ்சு அசையவே இல்லை. காற்றெல்லாம் கன்னத்தோரம் புஸ்ஸென்று வெளியே போனது. மாஸ்க்கை முகத்தில் அமுக்கினால் போதாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைப் பற்றி முகத்தை மேலே தூக்க வேண்டும். அப்புறம், பை ஒன்றரை லிட்டர் கொள்ளும் என்பதற்காக அத்தனையையும் பிழியக் கூடாது. பெரியவர் நெஞ்சு எழ அரை லிட்டர் சொச்சம் போதும், அதுவும் ஆறு விநாடிக்கு ஒரு முறை. மிச்சம் வயிற்றுக்குப் போய் வாந்தியாகத் திரும்பி வரும். ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்துவதே நல்ல முறை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஞாயிறு பயிற்சிக்கு நானும் பொம்மையும் மட்டும் இருந்த வாரங்களும் உண்டு என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

சக்ஷன் எதற்கு என்று கேட்டவர்கள் இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. வயல் சூழ்ந்த ஊர் இது. பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயிலும் நெஞ்சிலும் நீர் சுரந்துகொண்டே இருக்கும். அதை உறிஞ்சி எடுக்காமல் பையை அழுத்தினால் நுரையை உள்ளே தள்ளுகிறோம், அவ்வளவுதான். குழாயை வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். பெரியவருக்கு 10, 15 விநாடிக்கு மேல் கூடாது, ஏனென்றால் அவருடைய காற்றையும் சேர்த்தே உறிஞ்சுகிறோம். கையுறை கட்டாயம்.

அங்கன்வாடியில் ஒரு வகுப்பு எடுத்தோம். தொண்டையில் எதையாவது அடைத்துக்கொண்ட கைக்குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடாமல், முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று காட்டினோம். தாய்மார்கள் நம் உறுப்பினர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் விஷயம். நம்முடையது பி டைப், நிரம்பினால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு பத்து லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம் வரும். உறவினருக்கென்று ஒருவர் எடுத்துப் போனார், தவறில்லை. சிலிண்டர் காலியாக வந்தது, அதைத் திறக்கும் சாவி வரவே இல்லை. அவருக்கே தெரியும். சாவி வந்தால் போதும், கேள்வி கேட்கமாட்டேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவைக் கொஞ்சம் தாண்டியது. வித்தியாசத்தை ஒரு நல்ல மனிதர் கையிலிருந்து போட்டிருக்கிறார், பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சந்தா பாதிப் பேர்கூடக் கட்டவில்லை. கட்டாதவர்களில் இருவர் பனியனுக்கு அளவு கொடுத்தவர்கள்.

மண்டபம் தந்தவர்கள், பயிற்சி தந்த மருத்துவர், தலைவர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த மகாமகம் 2028. 1992 மகாமக நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நெரிசலில் கீழே விழுந்தவர் மட்டும் சாவதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சு நின்றுவிடும். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் மாஸ்க் பிடிக்கத் தெரிந்தவர்களாக இருப்போம் என்பது இப்போது வரும் ஞாயிறுகளைப் பொறுத்தது.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மனமார விட்டுக்கொடுப்பேன். பொம்மை எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, அதை வைக்க அவர் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொண்டு வரட்டும். பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு அதைத் தாண்டித்தான்.