வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்புக்கு: மண் ஈர வரைபடத்தை ஊருக்கும் காட்டுங்கள்

ஜோத்பூரில் இயங்கும் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பின் அதிகாரிகளுக்கு வணக்கம்.

1939 முதல் தார் பாலைவனத்துக்குக் காவல் நிற்கிறீர்கள். பெரும்பாலும் ராஜஸ்தானிலும் குஜராத்திலுமாக ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் உங்கள் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலவர அறிக்கையும் வெளியிடுகிறீர்கள். அதில் பூச்சி தென்பட்டதா இல்லையா என்பதற்குத்தான் முதலிடம். பூச்சிக்கு ஏற்றதாக எந்த நிலம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் தாலுகா வாரியாக வரைபடம் போட்டு ஊருக்குத் தெரிவியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலைவன வெட்டுக்கிளி காய்ந்த மணலை நம்பி முட்டையிடாது. சில அங்குல ஆழத்தில் ஈரம் இருக்க வேண்டும். முட்டை வளர்வதே அந்த ஈரத்தை உறிஞ்சித்தான். 25 மில்லிமீட்டர் மழை போதும். நம்மூரில் ஒரு உழவு மழை என்பார்களே, கிட்டத்தட்ட அவ்வளவு. கோடையில் இரண்டு வாரத்தில் முட்டை பொரியும். குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்க அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நடந்தும் தத்தியும்தான் போக முடியும். ஆக, மழை பெய்ததற்கும் கூட்டம் பறப்பதற்கும் நடுவில் ஆறேழு வாரம் கையில் இருக்கிறது. மண் ஈரத்தையும் புல் பச்சை பிடிப்பதையும் செயற்கைக்கோள் காட்டிவிடுகிற காலத்தில் அந்த ஆறேழு வாரத்தை வீணாக்கக் கூடாது.

வீணானால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாட்சி. மே மாதம் மெகுனு, அக்டோபரில் லுபான் என இரண்டு புயல்கள் அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மணல்மேடுகளுக்கு நடுவே ஏரி போலத் தண்ணீர் தேங்கியது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், யாரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று தலைமுறைகள் அங்கேயே பெருகின. ஒரு தலைமுறைக்கு 20 மடங்கு என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. மூன்றாவது தலைமுறையில் அது 8,000 மடங்கு. 2019 மே மாதம் ஜெய்சல்மேர், டிசம்பரில் குஜராத்தின் பனாஸ்காந்தா, 2020 மே மாதம் ஜெய்ப்பூர், ஜூனில் குருகிராம் என்று வந்து சேர்ந்தது அந்த வினைதான். அந்த 2020 மே மாதம்தான் கிருஷ்ணகிரியில் எருக்கஞ்செடியில் மொய்த்த உள்ளூர் வெட்டுக்கிளியைப் பார்த்து எங்கள் மாநிலமே பதறியது. அது வேறு பூச்சி என்று வேளாண் துறை வந்து விளக்க வேண்டியிருந்தது. வரைபடம் ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் அந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரமும் பச்சையும் இருந்தாலே பூச்சி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல மழை ஆண்டில் தார் முழுக்கவே பச்சைதான். எல்லா இடத்துக்கும் சிவப்பு மை பூசினால் யாரும் மதிக்கமாட்டார்கள். போன பருவத்தில் எங்கே எத்தனை பூச்சி மிஞ்சியது என்ற உங்கள் கணக்கையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில், வளர்ந்த வெட்டுக்கிளிகளை எண்ணி வைத்து அடுத்த ஆண்டுக்கான அபாய வரைபடம் தயாரிக்கும் வழக்கம் உண்டு. நம்மிடமும் கள ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, மேய்ச்சல். உள் மங்கோலியப் புல்வெளியில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆடுகள் அதிகம் மேய்ந்த நிலத்தில் புல்லின் நைட்ரஜன் குறைகிறது. அங்குள்ள ஒரு வெட்டுக்கிளி இனத்துக்கு அந்தச் சத்துக் குறைந்த புல்தான் நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். நம் பாலைவன வெட்டுக்கிளிக்கும் அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஜெய்சல்மேரின் சேவண் புல்வெளிகளில் அளந்து பார்க்கலாமே. அளந்து முடிப்பதற்குள் ஆடு மேய்ப்பவர் தலையில் பழியைப் போட்டுவிட வேண்டாம். அதற்கென்றே சிலர் காத்திருக்கிறார்கள்.

சொல்லப்போனால் உங்களுக்கு முதலில் தகவல் தரக்கூடியவர்கள் ராஜஸ்தானின் ராய்க்கா சமூக மேய்ப்பர்கள்தான். எங்கே மழை விழுந்தது, எங்கே புல் துளிர்த்தது என்று பார்த்துத்தான் அவர்கள் மந்தையை ஓட்டுகிறார்கள். வெட்டுக்கிளிக்கு வேண்டியதும் அதே நிலம்தான். ராஜஸ்தானி பேசும் ஆள் எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் சொன்ன இடத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

தத்தும் பருவத்திலேயே பிடித்துவிட்டால் சில வயல் அளவு இடத்தில் மருந்தடித்தால் போதும். பறக்க விட்டால் மாலத்தியான் பூச்சிக்கொல்லியை வண்டி வண்டியாகக் கொட்ட வேண்டியிருக்கும். அந்தச் சேவண் புல்லுக்குள்தான் கானமயில் வெட்டுக்கிளியைக் கொத்தித் தின்று பிழைக்கிறது. நூற்றைம்பதோ என்னவோதான் மிச்சம் என்று சொல்லப்படும் பறவை.

அடுத்த பருவமழைக்கு முன்பு வரும் அறிக்கையிலேயே இந்த வரைபடத்தைத் தொடங்கலாம். உங்கள் அமைப்பின் பத்து வட்ட (சர்க்கிள்) அலுவலகங்களிலும் முடியாவிட்டால் ஜெய்சல்மேரிலும் பார்மேரிலும் மட்டும் முதலில் செய்து பாருங்கள். இந்தியிலும் குஜராத்தியிலும் இருக்கட்டும். சொன்னது பலித்ததா, பொய்த்ததா என்பதையும் பருவ முடிவில் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பூச்சிகளைக் கவனிக்கும் தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்