மலையகத்து போதகர்மாருக்கு ஒரு மடல்: பிள்ளைங்க பயோ படிக்கட்டும்

அன்பான போதகர் ஐயாமாருக்கும் சபை மூப்பர்மாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் பதினொரு வருசமா சண்டே ஸ்கூல்ல சொல்லிக்குடுக்குறேன். போன மாசம் ஒரு சபைல பிரசங்கத்துல பரிணாமம் படிச்சா விசுவாசம் போயிரும்னு சொன்னத கேட்டுட்டு எங்க அக்கா மக, ஏ.எல்ல பயோ, அதாவது உயிரியல், படிக்கிறவ, வீட்டுக்கு வந்து புத்தகத்த மூடி வச்சிட்டா, ரெண்டு நாளா யாருகூடயும் பேச்சே இல்ல. அவ கிளாஸ் காசுக்கு அக்கா மழைலயும் கொழுந்து எடுக்க போறத பாக்குறவ நான், அதனாலதான் இத எழுதுறேன்.

ஐயா, ஏதேன்ல ஆண்டவர் மிருகங்களையும் பறவைகளையும் ஆதாம்கிட்ட கொண்டுவந்து என்ன பேர் வைக்கிறான்னு பாத்தார். சாலொமோன் கேதுரு மரத்துல இருந்து சுவத்துல முளைக்கிற ஈசோப்பு வரைக்கும் பேசினார்னு 1 இராஜாக்கள் 4:33ல இருக்கு, அதே வசனத்துல பறவை, மீன், ஊர்றது எல்லாம் வருது. உத்துப் பாக்காம அப்பிடி பேச முடியுமா?

நம்ம மலைக்கதையவே எடுங்க. 1869ல கோப்பி இலைல மஞ்சளா ஒரு பொடி படிஞ்சிச்சி, பேராதனை தாவரவியல் தோட்டத்துல இருந்து அந்த இலைய இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க, அத பாத்து இது ஒரு பூஞ்சணம்னு சொல்லி பேர் வச்சவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, அவர் ஒரு சர்ச் குருவானவர். அந்த நோய்லதான் கோப்பி அழிஞ்சி தேயிலை வந்திச்சி, நம்ம லயத்து வாழ்க்கையே தேயிலையோட ஆகிப்போச்சி. பட்டாணிச் செடிய வளத்து பரம்பரை விதிய கண்டுபிடிச்ச மெண்டலும் மடத்துத் துறவிதான். ரெண்டு பேரும் பூதக்கண்ணாடிய எடுக்க வேதத்த மூடி வைக்கல.

போன வாரம் ராத்திரி தண்ணி போற கான் ஓரத்துல ஈர மண்ண கிளறி அக்கா மக எனக்கு தவள முட்ட காட்டினா, அவிச்ச சவ்வரிசி மாதிரி, டோர்ச் வெளிச்சத்துல உள்ளுக்க கையும் காலும் உள்ள குட்டித் தவள. நம்ம மலைல இருக்கிற இந்த சின்னத் தவளைங்களுக்கு வால்பேத்தைப் பருவமே இல்லையாம், முட்டைக்குள்ளயே தவளயாகி வெளிய வருமாம். ஆண்டவரோட படைப்ப பாடுற 104ஆம் சங்கீதம்தான் எனக்கு வாய்ல வந்திச்சி.

ஆண்டவர் ஆறு நாள்ல படைச்சார்னா அந்த ஆறு நாள் என்ன, பரிணாமத்த எப்பிடி எடுக்கிறதுன்னு சபைக்குள்ள பெரியவங்களே ஒத்துப்போகல, அத பேசுவோம், ஆனா பதினெட்டு வயசு பிள்ளை தலைல தூக்கி வைக்காதீங்க. தெரியாத பாடத்த மேடைல ஏசாதீங்க. உங்க சபைல பயோ படிக்கிற பிள்ளை இருந்தா இந்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கூப்பிட்டு, இப்ப என்ன பாடம் போகுதுன்னு கேளுங்க, சொல்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருங்க ஐயா.