கச்சான் காற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை உட்படச் சில மாவட்டங்களில் வெப்பச் சுட்டெண் (ஈரப்பதனும் சேர்ந்து உடல் உணரும் வெப்பம்) உயரும் என்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். எச்சரித்தது சரி. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி போதாது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கும்போது வறண்டு சூடாகி எங்களிடம் வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை நாங்கள் படும் பாட்டில் பெரும்பங்கு கச்சான் எனப்படும் இந்தக் காற்றால்தான். அது தணிந்த நாளில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்து நகரைக் கொஞ்சம் ஆற்றும். ஓங்கி வீசினால் கடற்காற்றைக் கரையேறவே விடாது. உள்ளே இருக்கும் கந்தளாய்க்கு அந்த ஆறுதலும் குறைவு. 34 பாகை என்று ஓர் எண்ணைப் போட்டால் இதெல்லாம் எங்கே தெரியும்?

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மேசன் வேலை செய்பவர்கள் கச்சான் கடுமையான நாட்களில் விடியவே தொடங்கி 11 மணிக்குள் பூச்சு வேலையை நிறுத்திவிடுகிறார்கள். சாந்து சட்டென்று காய்ந்து வெடித்துவிடுமாம். (முன்னறிவிப்பைப் பார்த்து அவர்கள் இதை முடிவு செய்வதில்லை.) கடற்பரப்புகளுக்கான அறிக்கையில் காற்றின் திசையும் வேகமும் நாள்தோறும் வருகின்றன. அப்படியே தரைக்கும், கரையோரம் வேறாகவும் உட்பகுதி வேறாகவும், முதல்நாள் மாலையே அறிவித்தால் பாடசாலைகள் விளையாட்டுப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தங்கள் பத்திரிகையும் அதை ஒரு சிறு பெட்டியாக வெளியிடலாம்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.