செத்தும் வாளை விடாதவனுக்காக ஒரு மடல்

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கு அரக்கர்களை வடிவமைப்போருக்கும், அவர்களை மேசையில் உலவவிட்டு ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

செத்த பின்னும் எழுந்து வாள் சுழற்றும் வீரனை நீங்கள் வீணடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்லறைக் கதவு திறக்கிறது, துருப்பிடித்த வாளோடு ஓர் எலும்புக்கூடு எழுகிறது, பகடை உருள்கிறது, நாலு அடியில் குவியலாகச் சரிகிறது. அதன் கையில் வாளுக்குப் பதில் கோடரி இருந்திருந்தாலும் அந்தச் சண்டையில் எதுவும் மாறியிருக்காது. இதுதான் என் மனக்குறை.

1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டம் வெளிவந்தபோதே எலும்புக்கூடு அதில் இருந்தது. 2014 பதிப்பில் அதற்கு 13 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்); மொத்தும் ஆயுதம் பட்டால் சேதம் இரட்டிப்பு; நஞ்சு ஏறாது. எல்லாமே எலும்பைப் பற்றிய விதிகள். வாள் பிடிக்கக் கற்ற கையைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. அதே பதிப்பில் வரும் டெத் நைட் என்ற செத்தும் எழுந்த வீரனுக்கு 180 ஹிட் பாயிண்ட், சவால் மதிப்பு (எவ்வளவு கடினமான எதிரி என்ற எண்) 17, வெடிக்கும் நெருப்புக் கோளம் என்று பெரிய பட்டியலே உண்டு. அதன் கடைசியில் ஒரு சின்ன விதி: தாக்குபவன் கண்ணில் பட்டு, தன் கையிலும் ஆயுதம் இருந்தால், தன்மேல் விழவிருக்கும் ஒரு வீச்சுக்கு எதிராக டெத் நைட்டின் கவச மதிப்பு (அடி படாமல் காக்கும் எண்) 6 கூடும். நெருப்புக் கோளத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த வரிதான். வாள் கற்றவன் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்பது அங்கேதான் தெரிகிறது.

செத்தவன் எப்படி வாள் வீசுவான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயிருள்ளவர்களின் வாள்சண்டை உயிர்ப்பயத்தின் மேல் நிற்கிறது. தோளுக்குக் குறிவைப்பதாகப் போக்குக் காட்டினால் எதிரியின் கை தானாகத் தோளைக் காக்கப் போகும். அந்த நொடியில் காலை வெட்டலாம். செத்தவனுக்குத் தோள் போனால் என்ன? போக்குக் காட்டிய நேரத்தில் அவன் நேராக உள்ளே வந்துவிடுவான். உங்கள் குத்தை விலாவுக்குள் வாங்கிக்கொண்டு இடுப்பைத் திருகுவான். எலும்புகளுக்கிடையே வாள் சிக்கிக்கொள்ளும். இழுப்பதா, விட்டுவிடுவதா என்று நீங்கள் திகைக்கும்போது அவன் வாள் உங்கள் கழுத்தருகே இருக்கும். மூச்சு இல்லாததால் அவன் களைத்துவிட்டானா என்றும் கணிக்க முடியாது. இதை விதியாக்குவது கடினமில்லை: குத்து பட்டதும் ஆயுதம் சிக்கியதா என்று வலிமையை வைத்துப் பகடை உருட்டும் ஒரு சோதனை, அவ்வளவுதான்.

இனி அவன் பலவீனம். இறந்த அன்றோடு அவன் பயிற்சி நின்றுவிட்டது. புதிதாக எதையும் கற்க மாட்டான். இதைவிட நல்ல வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காது. அவன் இடக்கை நெஞ்சுக்கு முன்னால் மடங்கியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த கேடயம் மக்கி உதிர்ந்து, இப்போது அதன் நடுவிலிருந்த இரும்புக் குமிழ் மட்டும் தரையில் கிடக்கிறது. ஆனாலும் இடப்பக்கம் வரும் ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த வெறுங்கையையே உயர்த்துகிறான். கேம் மாஸ்டர் இதை முதல் சுற்றில் ஒருமுறையும் இரண்டாம் சுற்றில் இன்னொருமுறையும் வர்ணிக்கட்டும். மூன்றாம் சுற்றில் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் இடப்பக்கமாகப் போகிறேன்” என்பார். அவருக்குப் பகடையில் அனுகூலம் கொடுங்கள்: இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளட்டும். கண் திறந்து பார்த்ததற்கு அது நியாயமான கூலி.

அவனை வெட்டித்தான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் இரண்டு வழிகளும் இருக்கின்றன. கிரெட்டிர் என்ற வீரன் புதைமேட்டுக்குள் இறங்கி, அங்கே புதையலைக் காத்துக்கிடந்த, கார் என்ற செத்த கிழவனுடன் கட்டிப் புரண்டு, கடைசியில் அவன் தலையை வெட்டினான். ஹெர்வோர் என்ற பெண்ணோ இறந்துபோன தன் தந்தையின் புதைமேட்டுக்கு முன்னால் நின்று, டிர்ஃபிங் என்ற வாளைக் கேட்டு வாதாடினாள். தந்தை மறுத்தார், எச்சரித்தார், கடைசியில் கொடுத்தார். உங்கள் சாகசங்களில் முதல் வழிதான் எப்போதும் வருகிறது. இரண்டாவதற்கும் கதவைத் திறந்து வையுங்கள்: அவன் காவலுக்கு நின்ற அரசன் பெயரைச் சொன்னால் வாள் ஒரு சுற்றுக்குத் தாழட்டும், அவன் படையின் வணக்க முறையை அறிந்த ஒருவரிடம் அவன் பேசட்டும்.

அடுத்த அரக்கர் நூலை எழுதும்போது அவனுக்கு ஹிட் பாயிண்டைக் கூட்ட வேண்டாம். அவனுக்கு வாள் கற்பித்தது யார், எந்தக் காவலில் செத்தான், செத்த பிறகும் எந்தப் பழக்கம் கையை விடவில்லை என்று இரண்டு வரி எண்களுக்கு மேலே எழுதுங்கள். போக்குக் காட்டுவது இவனிடம் பலிக்காது என்பதையும் விதியாகவே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேசையில் பகடை உருட்டும் ஒருவன்