தடுப்பூசி பயம் எங்க இருந்து வருது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தடுப்பூசி போட பயப்படுறவங்கள படிக்காதவங்க, வாட்ஸ்அப்ப நம்புறவங்கன்னு திட்டுறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு சார். 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைங்க செத்துப்போச்சு, அத ஒரு தாய் அவ்ளோ சீக்கிரம் மறப்பாளா? 2017 பிப்ரவரியில தட்டம்மை ரூபெல்லா ஊசிய ஸ்கூல்லயே போட வந்தப்போ எங்க தெருவுல பாதி பேர் அன்னைக்கு பிள்ளைய அனுப்பல, நானும்தான்.

அப்புறம் எங்க ஊர் நர்சம்மா வீட்டுக்கே வந்து திண்ணையில உக்காந்து, காய்ச்சல் வரும், கை வலிக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு மறைக்காம சொன்னாங்க, ஊசி போட்ட மறுநாள் காலைல சொன்ன மாதிரியே வந்து பாப்பா நெத்திய தொட்டுப் பாத்தாங்க, அந்த ஒரு தொடுதல்தான் என் பயத்த போக்குச்சு, டிவி விளம்பரம் இல்ல.

2021ல நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டு ரெண்டே நாள்ல ஏப்ரல் 17 இறந்தாரு. மாரடைப்பு, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டருங்க அப்பவே சொன்னாங்க, ஆனா மத்திய அரசு குழுவோட ஆய்வு முடிவு வெளிய வந்தது அக்டோபர்ல! அதுக்குள்ள எத்தன பேர் ஊசிய தள்ளிப் போட்டிருப்பாங்க?

இந்த மாதிரி விசாரணை முடிவ எல்லாம் சீக்கிரமா, புரியுற தமிழ்ல, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசல்லயும் ஒட்டணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், காஞ்சிபுரம் மாவட்டம்