செம்புக்கு ஒண்ணு, அலுமினியத்துக்கு மூணு

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

நான் மண்டபத்துல விசைப்படகுக்கு வயரிங் பாக்குறவன். போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல, அணுவோட வெளிக்கூட்டுல எலக்ட்ரான் அதிகமா இருந்தா கரண்டும் அதிகமா கடத்தும்னு ஒரு வரி வந்துச்சு. ப்ளஸ் ஒன் படிக்கிற என் மக அதப் படிச்சுட்டு, "அலுமினியத்துக்கு மூணு, செம்புக்கு ஒண்ணுதான், அப்புறம் ஏம்ப்பா படகுக்கு செம்பே போடுறீங்க"ன்னு புடிச்சுக்கிட்டா. உப்புக்காத்துக்கு அலுமினிய ஜாயிண்ட் வெள்ளையா பூத்துரும்மான்னு சொல்லிப் பாத்தேன். அது நெசம்தான், ஆனா அவ கேட்டது அது இல்லயே.

ஒரே அளவு துண்டா எடுத்தா அலுமினியத்துல ஓடுற எலக்ட்ரான் செம்ப விட ரெண்டு மடங்குக்கு மேலேயே இருக்கு, ஆனா கடத்துறது செம்புல 60 சதவீதம் சொச்சம்தான். வெள்ளியில செம்ப விட கம்மி, கடத்துறதுல அதுதான் மொதல் எடம். அப்ப உங்க வரி எங்கங்க நிக்குது?

எண்ணிக்கை பாதிக் கததான், மீதிக் கத ஓடுற எலக்ட்ரான் எவ்வளவு தட்டு வாங்குதுங்கறது. எங்க பக்கம் கடலுக்குள்ள பார், அதான் பாறைத்திட்டு, இருக்கு, எத்தன வள்ளம் போகுதுன்னு மட்டும் எண்ணி என்ன பண்ண, எத்தன பார்ல தட்டாம வருதுன்னு பாக்கணும்ல. அலுமினியத்துல அணுவோட அதிர்வுல எலக்ட்ரான் அதிகமா மோதுது. செம்பு 3டி10 4எஸ்1, அதாவது உள்ள இருக்குற டி கூட்டுல பத்து எலக்ட்ரான், வெளிய எஸ் கூட்டுல ஒண்ணு, அந்த பத்தும் நெறஞ்சு கீழ அடங்கிக் கெடக்கு, அதனால ஓடுற ஒத்த எலக்ட்ரான இழுத்துப் போட அங்க எடமில்ல. இரும்பு 3டி6 4எஸ்2, டி கூடு அரைகொறையா காலி, ஓடுறது அதுக்குள்ள போய் மாட்டி மந்தமாயிருது, கடத்துறது செம்புல ஆறுல ஒரு பங்குதான். செம்புக்கு 3டி9 4எஸ்2 ஏன் இல்லன்னு பரீச்சைக்கு மனப்பாடம் பண்றாங்களே, அத இப்படி எங்கயாச்சும் சேத்துச் சொன்னா பிள்ளைங்களுக்கு மறக்குமா?

இவ்வளவு சொன்னதும் மக அடுத்தத எடுத்தா, அப்ப ஈபி போஸ்ட்டுல ஏன் அலுமினியம்னு. வெயிட்டும்மா, அதே அளவு செம்பு மூணு மடங்குக்கு மேல கனம், வெலயும் ஜாஸ்தின்னேன். அது எனக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்.

அடுத்த மாணவர் பக்கத்துல அந்த ஒரு வரிய மட்டும் திருத்திப் போட்டுருங்க.

ஒரு படகு வயர்மேன்,
மண்டபம்